பார்க்காமல் எழுதியது

மர்ஷூதாவின் குறிப்புப் புத்தகத்தில் பன்னிரண்டு பாடங்கள் இருந்தன. பதினொன்றாவதை அவள் நடத்தவில்லை. அன்றைக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பிள்ளைகள் கேக்கும் ரோல்ஸும் வாங்கி வந்திருந்தார்கள். ஒருவர் மாறி ஒருவர் பேசினார்கள், படம் எடுத்தார்கள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தவள், அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தது ஐந்து மாதம் கழித்துத்தான்.

உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிற பிள்ளைகள் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் காத்திருக்க வேண்டும். பெறுபேறு வர வேண்டும், வெட்டுப்புள்ளி வர வேண்டும், பதிவுக் கடிதம் வர வேண்டும். அதற்குள் படித்ததெல்லாம் வடிந்துவிடும். மர்ஷூதாவுக்கும் அப்படித்தான் வடிந்தது. யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு கற்பிட்டியிலிருந்து கிழக்குக் கரைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் சில பெண்களில் அவளும் ஒருத்தி. முதல் மூன்று மாதமும் விடுதிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். பாடசாலையில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய கை அவளுடையது. இங்கே விரிவுரையாளர் கதைத்துக்கொண்டே போனார். எதை எழுதுவது, எதை விடுவது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

எப்படியோ எழும்பிக் கொண்டாள். புவியியலில் நல்ல வகுப்புச் சித்தியோடு ஊருக்குத் திரும்பினாள். தன்னைப் போல இன்னொரு பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்று அவள் நினைத்தது உண்மை. வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு ஒரு மரியாதை தேவைப்பட்டது என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்க அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுடைய வாப்பா, தகப்பன் ஹாசிம், கருவாட்டு வியாபாரி. அவர் கதைத்து, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் மேல்மாடி அறையை எடுத்துக் கொடுத்தார். ஒரு மூலையில் கிழிந்த வலைகள் குவிந்திருந்தன. ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அவள் படித்த அதே பல்கலைக்கழகத்துக்கு, அதே புவியியல் துறைக்குத் தெரிவாகியிருந்தார்கள். ஒருவன் அஃப்ராஸ், கற்பிட்டி டவுனில் மருந்துக் கடை வைத்திருப்பவரின் மகன். மற்றவள் சுஜாந்தி, பக்கத்து மீனவக் கிராமமான கண்டக்குழிப் பிள்ளை. தகப்பன் அருளப்பு கடலுக்குப் போகிறவர். அவளுடைய தெருவிலிருந்து பல்கலைக்கழகம் போகிற முதல் ஆள் அவள்தான்.

அஃப்ராஸுக்கு வாய் சும்மா இருக்காது. மர்ஷூதாவை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவான்.

“ராத்தா, லெக்சர் நடக்கக்குள்ள சேர் கொட்டாவி விட்டா அதையும் எழுதணுமா?”

“எழுதுங்க. சோதினைக்கு வரும்.”

“அப்ப நான் பாஸ். கொட்டாவி பத்தி எனக்கு முழுக்கத் தெரியும்.”

சுஜாந்தி சிரிப்பாள், ஆனால் சத்தம் வராது. கேள்வி கேட்க மாட்டாள். மர்ஷூதா சொல்வதையெல்லாம், பகிடியையும் சேர்த்து, எழுதிக்கொள்வாள்.

விரிவுரையை எப்படிக் கேட்பது, தலைப்பு வேறு உதாரணம் வேறு என்று எப்படிப் பிரிப்பது, நூலகத்தில் ஒரு புத்தகத்தை எப்படித் தேடிப் பிடிப்பது என்றெல்லாம் மர்ஷூதா சொல்லிக் கொடுத்தாள். ஐந்தாம் பாடத்தில் ஒப்படைக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் பாதிப் புள்ளி ஒப்படைக்குத்தான், வீட்டில் இருந்து எழுதிக் கொடுக்கிற கட்டுரைக்கு. எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, தான் முதலாம் வருடத்தில் எழுதிய ஒப்படையைப் போட்டோக் கொப்பி எடுத்து ஆறு பேருக்கும் கொடுத்தாள். கற்பிட்டிக் களப்பின் உப்புநீரில் நிற்கும் கண்டல் மரங்கள் அழிந்ததைப் பற்றிய ஆறு பக்கக் கட்டுரை. அப்போதிருந்த விரிவுரையாளர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டியிருந்தார். பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார். அதன் முதல் வசனம் இப்படித் தொடங்கும்: ‘களப்பின் கிழக்குக் கரையில் எனது வாப்பா தோணி கட்டிய கண்டல் மரம் இன்று அங்கே இல்லை.’

ஆகஸ்டில் தலவிலக் கத்தோலிக்கத் தேவாலயத்தின் திருநாள் வந்தது. சுஜாந்தியின் வீட்டார் ஒன்பது நாளும் அங்கேயே கொட்டில் போட்டுத் தங்குகிறவர்கள். மூன்று வகுப்பு அவள் வரவில்லை. திரும்பி வந்த அன்று மர்ஷூதாவுக்குக் கொஞ்சம் கோபம்.

“திருநாள் முடிஞ்சுதா? படிச்சதெல்லாம் அங்கயே விட்டிட்டு வந்திருப்பீங்க.”

“இல்ல அக்கா. கொண்டு போனனான். பாடமாக்கிட்டன்.”

“எதை?”

“நீங்க தந்ததை. முழுக்க.”

“ஆறு பக்கமுமா?” என்றான் அஃப்ராஸ். “சும்மா கதைக்காத.”

சுஜாந்தி எழும்பி நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலைக் குவியலைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள். ‘களப்பின் கிழக்குக் கரையில் எனது அப்பா தோணி கட்டிய கண்டல் மரம்...’

“ஏய், ஏய்! அது ராத்தாட வாப்பா. உன்ட அப்பாவ எங்க நடுவால கொண்டு வாறாய்?”

“எனக்கு வாப்பா எண்டு வாயில வருதில்ல. அப்பாவும் அந்தப் பக்கம் தோணி கட்டினவர்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். மர்ஷூதாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சுஜாந்தி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இறால் பண்ணை வந்த ஆண்டு, வெட்டப்பட்ட ஏக்கர், உப்பு ஏறிய கிணறுகள், எதுவும் தப்பவில்லை. கால்மணி நேரம் அந்த அறையில் வேறு சத்தம் இல்லை. தான் எழுதிய வசனங்களுக்கு இவ்வளவு அழகு இருந்தது என்பது மர்ஷூதாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வருடமாக வேலைக்கு விண்ணப்பம் எழுதி எழுதித் தன் எழுத்தின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்திருந்தது. இப்போது அது இன்னொருத்தியின் வாயிலிருந்து, வேதப் புத்தகம் வாசிப்பது போல வந்துகொண்டிருந்தது.

பாடமாக்குவது ஒன்று, விளங்குவது வேறு என்று அவள் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது வேறு.

“பார்த்தீங்களா? இப்பிடித்தான் படிக்கணும். அஃப்ராஸ், வாய் மட்டும் இருந்தா போதாது.”

அடுத்த வாரம் அஃப்ராஸும் பாடமாக்கிக்கொண்டு வந்தான். ரோசக்காரன். அவன் ‘வாப்பா’ என்றே சொன்னான். அவனுடைய வாப்பா வாழ்நாளில் தோணி கட்டியதில்லை, மருந்துப் போத்தலுக்கு மூடிதான் போட்டார். அதைச் சொல்லியும் சிரித்தார்கள். அதன்பின் ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் எழும்பி நின்று ஒப்புவிப்பது வழக்கமாகிவிட்டது. பதினொன்றாவது பாடத்துக்கு வைத்திருந்த நாள், ஒப்புவிப்பதிலும் கேக் வெட்டுவதிலும் போனது. அந்தப் பக்கத்தில் அவள் தன் கையாலேயே தலைப்பு எழுதியிருந்தாள்: ‘பிறர் எழுதியதை எப்படிப் பயன்படுத்துவது. ஏன் சொல்லி எழுத வேண்டும்.’

நவம்பரில் இரண்டு பேரும் கிழக்குக்குப் போனார்கள். அந்த மாதமே சுஜாந்தி அழைத்து, விரிவுரை விளங்குகிறது என்றாள். மற்றப் பிள்ளைகள் திகைத்துப்போய் இருக்கிறார்களாம், இவளிடம் வந்து குறிப்புக் கேட்கிறார்களாம். அன்று மர்ஷூதா வாப்பாவிடமும் உம்மாவிடமும் அதை மூன்று தரம் சொன்னாள்.

பெப்ரவரி தொடக்கத்தில், ஒரு பின்னேரம், மறுபடி அழைப்பு வந்தது.

“அக்கா, ஒரு பிரச்சின.”

முதல் ஒப்படையின் கேள்வி, ‘உமது பிரதேசக் கரையோரச் சூழலில் ஏற்பட்ட மாற்றம் ஒன்றை விளக்குக.’ சுஜாந்தியும் அஃப்ராஸும் கொடுத்த ஒப்படைகள் இரண்டும் ஒன்றேதான். ஆறு பக்கமும், ஒரு சொல் தவிர, முற்றுப்புள்ளி வரை. புதிதாக வந்த விரிவுரையாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் துறைத் தலைவரிடம் கொடுத்துவிட்டார். விசாரணைக்குக் குழு போட்டிருக்கிறார்கள்.

“நீங்க பார்த்து எழுதினீங்களா?” என்று மர்ஷூதா கேட்டாள்.

“ஐயோ, இல்ல அக்கா! ஒரு கடதாசியும் கிட்ட வைக்கல்ல. ஹொஸ்டல் படிப்பறையில எல்லாருக்கும் முன்னால இருந்து எழுதினனான். பார்க்காமத்தான் எழுதினனான். பார்த்து எழுதினாத்தானே கொப்பி?”

மர்ஷூதா குறிப்புப் புத்தகத்தை எடுத்து, நடத்தாமல் விட்ட பதினொன்றாவது பாடத்தின் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் பிள்ளை ஏமாற்றவில்லை. ஒன்பது நாள் திருநாள் கொட்டிலுக்குள் குந்தியிருந்து உழைத்துச் சேர்த்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவளுடைய பாடசாலையில், டியூஷன் வகுப்பில், இந்த மாவட்டம் முழுவதிலும், கெட்டிக்காரப் பிள்ளை என்றால் அதுதான்.

“குழு என்ன கேக்குது?”

“ஆர் ஆரைப் பார்த்து எழுதினது எண்டு. அஃப்ராஸ்ட ஒப்படையில வாப்பா எண்டு இருக்கு. என்டதில அப்பா எண்டு. நான்தான் அவன்டய எடுத்து, பிடிபடாம இருக்க அந்தச் சொல்ல மாத்தினனான் எண்டுறாங்க. மத்தது ஒண்டும் மாத்தேல்ல, அதை மட்டும் மாத்தினது கள்ளப் புத்தி எண்டுறாங்க, அக்கா.”

பின்னால் விடுதியில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

“நீங்க ஒரு கடிதம் தந்தாப் போதும் அக்கா. நீங்கதான் எங்களுக்கு அதைத் தந்தது எண்டு. பன்னிரண்டாம் திகதி விசாரண.”

மர்ஷூதாவுக்குப் பதினாலாம் திகதி நேர்முகத் தேர்வு. அதே துறையில், தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவிக்கு. இரண்டு வருடத்தில் வந்த முதல் அழைப்பு அது. தேர்வுக் குழுவில் துறைத் தலைவர் இருப்பார். ஒரு மாணவியைத் தன் ஒப்படையை மனப்பாடம் செய்ய வைத்தவள் என்ற பெயரோடு அவர் முன்னால் போய் உட்காருவதை அவள் கற்பனை செய்து பார்த்தாள்.

“சுஜாந்தி, கேளுங்க. எனக்குப் பதினாலாம் திகதி இன்டர்வியூ. அது முடியட்டும். அது வரைக்கும் என்ட பேரச் சொல்லாதீங்க. முடிஞ்ச உடன நானே வந்து கதைக்கிறன். இந்த விசாரணையெல்லாம் சொன்ன திகதிக்கு நடக்காது, எப்பவும் பிந்தும்.”

வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது.

“சரி அக்கா.”

அஃப்ராஸுக்கும் மர்ஷூதாவே அழைத்துச் சொன்னாள். அவன் பகிடி விடவில்லை. “ஒரு சொல்லில முடியிற விஷயம், ராத்தா,” என்றான். பிறகு அவனும் சரி என்றான்.

பன்னிரண்டாம் திகதி காலை பத்து மணிக்கு மர்ஷூதா சாரிக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வெகுநேரம் கையேந்தியிருந்தாள். சுஜாந்திக்காகக் கேட்டாளா, விசாரணை பிந்த வேண்டும் என்று கேட்டாளா என்று பிற்பாடு எத்தனையோ தரம் தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

விசாரணை பிந்தவில்லை. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டதற்கு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் போட்டோக் கொப்பிக் கடையில் கிடந்தது என்று சுஜாந்தி சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்ன பொய். எந்தக் கடை என்று கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. அது அவளுடைய குற்றத்தை இரண்டு மடங்காக்கியது. அஃப்ராஸுக்கு எச்சரிக்கை. சுஜாந்திக்கு அந்தப் பருவத்தின் புள்ளிகள் ரத்து, ஒரு வருடம் படிப்புத் தடை. தடை முடிகிறபோது அடுத்துச் சேரும் மாணவர் அணியின் முதல் பருவமும் போயிருக்கும். மொத்தத்தில் இரண்டு வருடம்.

பதினாலாம் திகதி நேர்முகத் தேர்வில், வேலை இல்லாத காலத்தில் என்ன செய்தீர் என்று மர்ஷூதாவிடம் கேட்டார்கள். கரையோரப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்ப்படுத்த வகுப்பு நடத்தினேன் என்றாள். மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். துறைத் தலைவர் தலையை ஆட்டி ஏதோ எழுதினார். அந்தப் பிள்ளைகள் யார், எங்கே என்று அவர்கள் கேட்டால் சொல்லிவிடுவது என்று அவள் நினைத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச்சில் வேலைக்குப் போனாள். முதல் வாரமே நடைபாதையில் அஃப்ராஸ் எதிர்ப்பட்டான். ஒதுங்கி வழி விட்டான்.

“குட் மோர்னிங், மேடம்.”

“என்னடா மேடம்? ராத்தா எண்டு கூப்பிடு.”

“இல்ல மேடம். இங்க அப்பிடித்தான் கூப்பிடணும்.”

போகிறவன் திரும்பி நின்று, “அவள் கடைசி வரைக்கும் உங்கட பேரச் சொல்லல்ல. நானும் சொல்லல்ல. எனக்குத்தான் சோறு இறங்குதில்ல,” என்றான்.

அவள் சுஜாந்திக்குப் பல தரம் அழைத்தாள். எடுக்கவில்லை. இப்போது கடிதம் கொடுத்து என்ன பயன், தீர்ப்பு முடிந்துவிட்டதே என்று ஒரு வாரம் நினைத்தாள். புதிதாகச் சேர்ந்தவள் எடுத்த எடுப்பில் இதைக் கொண்டுபோகக் கூடாது என்று இன்னொரு வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு காரணம் தானாகவே வந்து சேர்ந்தது. ஏப்ரல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது கடிதத்தை எழுதினாள். இரண்டு பக்கம். மடித்து உறையில் போட்டுப் பல்கலைக்கழக விலாசத்தையும் எழுதிவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு கண்டக்குழிக்கு பஸ் ஏறினாள்.

சுஜாந்தியின் தாய் யூஜீனியா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். மர்ஷூதாவைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தாள்.

“வாங்க மகள், வாங்க! கதிரையில இருங்க. சுஜாந்தி ஹோட்டலுக்குப் போயிட்டாள், வெள்ளக்காரர் வந்து நிக்கிற இடம். வந்திருவாள். சும்மா இருக்கேலாது எண்டு போறாள். நீங்க சொல்லித் தராட்டி என்ட பிள்ள அங்க போய் என்ன செய்திருக்கும்? பூசையில உங்களுக்காகவும் கேக்கிறனான், குறை நினைக்காதீங்க.”

மர்ஷூதா கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். தேத்தண்ணி வந்தது. பால் போட்டது, மூன்று கரண்டி சீனியோடு.

“அங்க இப்ப நீங்களும் படிப்பிக்கிறீங்களாம் எண்டு கேள்விப்பட்டன். ஸ்ட்ரைக் எப்ப முடியுமாம், மகள்?”

“ஸ்ட்ரைக்?”

“கெம்பஸ் மூடிக் கிடக்கெண்டுதானே பிள்ள வந்து நிக்கிறாள். ரெண்டு மாசம் ஆகுது. இந்த ஆக்கள் பிள்ளையளப் பத்தி யோசிக்கிறாங்களா? அவருக்கெண்டா ஒரே கவல. கடலால வந்து முதல் கேக்கிறது அதைத்தான், கெம்பஸ் திறந்தாச்சா எண்டு.”

தேத்தண்ணிக் கோப்பையை மர்ஷூதா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரைக் ஒன்றும் இல்லை. தான் போன வாரம் வரை அங்கே படிப்பித்துவிட்டு வந்திருக்கிறாள்.

“கெதியா முடிஞ்சிரும், அன்ரி,” என்றாள்.

சுஜாந்தி வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹோட்டல் பெயர் போட்ட சட்டை போட்டிருந்தாள். மெலிந்திருந்தாள். தாய்க்கு முன்னால் நன்றாகத்தான் கதைத்தாள். சாப்பிட்டுப் போங்க அக்கா என்றுகூடச் சொன்னாள். பஸ் வரப் போகுது, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று எழும்பியவளும் அவள்தான்.

தெரு முடிகிற வரை இருவரும் நடந்தார்கள். கடற்கரைப் பக்கம் தோணிகள் கவிழ்த்துக் கிடந்தன. பஸ் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை. மர்ஷூதா உறையை எடுத்து நீட்டினாள். சுஜாந்தி கடிதத்தை எடுத்து வாசித்தாள். மெதுவாக, ஒவ்வொரு வரியாக வாசித்தாள். அவள் அப்படித்தான் எதையும் வாசிப்பாள்.

“எல்லாம் இருக்கு,” என்றாள். “வாப்பா, அப்பா கதையும் இருக்கு.”

“ஓம்.”

“இது அப்பவே குடுத்திருந்தா எனக்குத் தடை வந்திருக்காதா?”

தெரியாது என்று சொல்லலாம். யாருக்குத் தெரியும் என்று சொல்லலாம். சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. காற்று கடிதத்தின் ஓரத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“வந்திருக்காது,” என்றாள் மர்ஷூதா.

சுஜாந்தி தலையை ஆட்டினாள், கணக்கு ஒன்றைச் சரி பார்த்தவள் போல.

“இப்ப குடுத்தா உங்கட வேலை போயிருமா?”

“போகலாம்... போகும் எண்டுதான் நினைக்கிறன்.”

“தபால் கந்தோர் கற்பிட்டியிலதானே இருக்கு, அக்கா. உங்கட வீட்டுக்குக் கிட்ட.”

“ஓம்.”

“அங்க போடாம ஏன் இஞ்ச கொண்டு வந்தீங்க?”

மர்ஷூதா பஸ் வருகிற பக்கம் பார்த்தாள்.

“நான் வேணாம் எண்டு சொல்லுவன் எண்டுதானே,” என்றாள் சுஜாந்தி. குரலில் கோபம் இல்லை. அவள் விளங்கிக்கொண்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். “பரவாயில்ல அக்கா, கிழிச்சுப் போடுங்க, உங்கட வேலையைப் பாருங்க எண்டு நான் சொல்லுவன். நீங்க அழுவீங்க. பிறகு பஸ்ஸில ஏறிப் போவீங்க.”

பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. சுஜாந்தி கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் போட்டாள், நாக்கால் நனைத்து ஒட்டினாள், மர்ஷூதாவின் கையில் வைத்தாள்.

“அனுப்புங்க.”

கற்பிட்டியில் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டாள். அனுப்பும்வரை எங்கும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் இன்னொரு காரணம் வந்துவிடும் என்று பயந்தாள்.

ஜூனில் துறைத் தலைவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கடிதம் மேசையில் இருந்தது.

“இதை விசாரணைக்கு முதல் என்னட்ட வந்து சொல்லியிருக்கலாமே, மர்ஷூதா. மூண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு ஏச்சு ஏசிப்போட்டு, திருப்பி எழுதச் சொல்லியிருப்பன். அவ்வளவுதான். நீர் உம்மட பிழையைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தா, இன்டர்வியூவில உம்மைப் பற்றி நான் நல்லாத்தான் நினைச்சிருப்பன்.”

“அது எனக்குத் தெரியேல்ல, சேர்.”

“ஓம். கேட்டாத்தானே தெரியும்.”

தடை நீக்கப்பட்டது. போன பருவம் போனதுதான். நவம்பரில் புது அணியோடு சுஜாந்தி மறுபடி முதலாம் வருடம் தொடங்கலாம். இரண்டு வருடம் ஒரு வருடமானது. மர்ஷூதாவின் ஒப்பந்தம் டிசம்பர் வரை இருக்கும், அதன்பின் நீடிக்கப்படாது.

நவம்பரில் சுஜாந்தி வந்தாள். தன்னைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளுக்கு நடுவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டபோது, “இருக்கிறன், மேடம்,” என்றாள். அதற்கு மேல் எதுவும் கதைக்கவில்லை. மர்ஷூதா முதல் வகுப்பில் நடத்தியது அந்தப் பதினொன்றாவது பாடத்தைத்தான். பிறர் எழுதியதைப் பாடமாக்கிப் பார்க்காமல் எழுதினாலும் அது பிறர் எழுதியதுதான் என்று சொன்னபோது, முன் வரிசையில் ஒரு பையன், “அது எப்பிடி, மேடம்? கஷ்டப்பட்டுத்தானே பாடமாக்கிறம்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. மூன்றாம் வரிசையில் சுஜாந்தி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் முதல் ஒப்படைக் கட்டு வந்தது. கேள்வி போன வருடக் கேள்விதான், யாரும் மாற்றவில்லை. சுஜாந்தியின் ஒப்படையை மர்ஷூதா கடைசியாக எடுத்தாள். கற்பிட்டியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உமது பிரதேசம் என்று கேட்டிருந்தும், தான் பார்த்திராத தெற்குக் கரையைப் பற்றி எழுதியிருந்தாள். முதல் வசனம், ‘இலங்கை இந்து சமுத்திரத்தில் அமைந்துள்ள ஒரு தீவாகும்.’ அதன் முடிவில் சிறியதாக ஓர் இலக்கம், பக்கத்தின் அடியில் ஒரு பாடசாலைப் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும். அடுத்த வசனத்துக்கும் இலக்கம், அதற்கடுத்ததற்கும். ஐந்து பக்கத்தில் நாற்பத்து மூன்று அடிக்குறிப்புகள். இலக்கம் இல்லாத ஒரு வசனத்தை மர்ஷூதா தேடினாள். கிடைக்கவில்லை. விட்டுவிட்டோமோ என்று முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். கரையோரம் காக்கப்பட வேண்டும் என்கிற கடைசி வரிக்கும் யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது.

முதல் வசனத்துக்குப் பக்கத்தில், இதற்கு ஆதாரம் தேவையில்லை என்று பென்சிலால் எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள். ஆதாரம் காட்டுகிற விதிகளின்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுபத்திரண்டு புள்ளி போட்டாள்.

மறுநாள் ஒப்படைகளைத் திருப்பிக் கொடுத்தாள். சுஜாந்தி தன்னுடையதை வாங்கிக்கொண்டு போகாமல் மேசைக்கு முன்னாலேயே நின்று, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஓரங்களில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். பென்சில் அழித்த இடத்தில் விரல் சற்று நின்றது.

“ஏதும் பிழையா, மேடம்?”

“இல்ல. பிழை ஒண்டும் இல்ல.”

அவள் இன்னும் ஒரு கணம் நின்றாள், மேற்கொண்டு ஏதாவது வருமோ என்பது போல. பிறகு ஒப்படையைக் கோப்புக்குள் வைத்து, தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். மர்ஷூதா அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.